அஞ்சுக்கு அஞ்சு

உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பக்கம் வெயில் வராது. பையை எடுத்துக்கறேன். எங்கூட வந்தவரு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காரு, அவரு வந்தாலும் இந்த பெஞ்சுல மூணு பேரு தாராளமா உக்காரலாம். உங்களுக்கு என்ன கேஸுங்க? வாசிங் மெசினா? எத்தன வருசமா அலையறீங்க? ரெண்டா! பாத்தீங்களா, ஒரு வாசிங் மெசினுக்கு ரெண்டு வருசம். எங்களுக்கு இந்தக் கோயமுத்தூரு கன்சூமர் கோர்ட்டுல இது ரெண்டாவது வாய்தா. எங்களது காரு. கரண்டுல ஓடற காரு.

என்ற காரு இல்லீங்க. ஜெராக்ஸ் எடுக்கப் போனாருன்னு சொன்னனே, திருமூர்த்தின்னு பேரு, டாக்சி ஓட்டறவரு, அவர்ற காரு. நான் சாட்சி. பேரு நாச்சிமுத்து, பொள்ளாச்சி. ஈபில அசிஸ்டெண்ட் இன்ஜினியரா இருந்து ரிட்டையர் ஆனவன். காருல என்ன கோளாறுன்னு கரண்டு தெரிஞ்ச ஒருத்தன் எழுதிக் குடுத்தா கேஸு நிக்கும்னு வக்கீல் சொன்னாரு, எழுதிக் குடுத்திருக்கறேன். அத மூணு காப்பி போட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க.

ஒண்ணு சொல்லட்டுங்களா? அவரு வர்றதுக்குள்ள சொல்லிப்போடறேன். வீட்டுல சொல்ல முடியலீங்க. சொன்னா என்ற சம்சாரம் திருமூர்த்தி வீட்டுக்கே போயி சொல்லிப்போடும், அது அப்படிப்பட்ட ஆளு. நீங்க முன்னப்பின்ன தெரியாதவரு. கேட்டுப்போட்டு உங்க வாசிங் மெசினப் பாக்க எந்திரிச்சுப் போயிருவீங்க. நெஞ்சுல இதை வெச்சுக்கிட்டு என்னால சோறு திங்க முடியலீங்க, அவ்வளவுதான்.

நான் யாருக்கும் கெடுதல் நெனச்சவன் இல்லீங்க. அதை முதல்லயே சொல்லிப்போடறேன்.

நாலு வருசத்துக்கு முன்னாடி, ரிட்டையர் ஆன கையோட அந்தக் காரு ஒண்ணு வாங்குனேன். கம்பெனி பேரு வேண்டாங்க, வெளிய பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. காரு வாங்குன வாரமே அந்தக் கம்பெனி ஷேரும் வாங்கிப் போட்டேன். முப்பத்தாறு வருசம் கரண்ட வெச்சுத்தான் குடும்பம் நடத்துனவன், இனிமே ஊரே கரண்டுலதான் ஓடப்போவுதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நல்லாத்தான் ஏறுச்சு. எங்க பக்கம் அந்தக் காரு வெச்சிருக்கறவங்க எல்லாம் சேந்து ஒரு வாட்சப் குரூப்பு ஆரம்பிச்சோம். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலைன்னு நூத்தி எண்பது பேரு. நாந்தான் அட்மின். அதுல முக்காவாசிப் பேரு ஷேரும் வெச்சிருந்தாங்க. அதுவும் நான் சொல்லித்தான். ஈபி ஆபீசரு சொன்னா கரண்டு விசயத்துல தப்பு இருக்காதுன்னு ஒரு நம்பிக்கை.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம கிணத்துக்கடவு பேக்கரில கூடுவோம். அங்க சார்ஜர் இருக்குது. வண்டியச் சொருகிப்போட்டு, ஆளுக்கொரு டீ, ஒரு தேங்கா பன்னு. காருப் பேச்சு ரெண்டு நிமிசம், ஷேர் பேச்சு ரெண்டு மணி நேரம். காலையில ஒம்பதே காலுக்கு மார்க்கெட் தெறந்துச்சுன்னா குரூப்புல ஒருத்தரும் குட்மார்னிங் போட மாட்டாங்க. ஏறுனா பச்சை அம்பு. எறங்குனா கம்முனு இருந்துக்கோணும். சிவப்பு அம்பு போடக் கூடாதுன்னு நானே ரூல் போட்டிருந்தேன்.

சிரிக்காதீங்க. அந்த ஷேரு அப்படிப்பட்ட ஷேருங்க. எவனோ ஒருத்தன் வீடியோல கதவு கரகரங்குதுன்னு சொன்னான், அன்னிக்கு நாலு பர்சண்ட் எறங்குச்சு. எங்கியோ வெளிநாட்டுப் பேப்பர்ல ஒருத்தன் நல்ல காருன்னு எழுதுனான், ஆறு பர்சண்ட் ஏறுச்சு. காருல ஒரு போல்ட்டு கூட மாறலீங்க. அதே காருதான், என்ற வீட்டு வாசல்ல நிக்குது.

அப்பத்தான் முதல்தடவை என்ற காரு நின்னுது. கோவில்பாளையம் தாண்டி வர்றேன், முன்னாடி டிவி மாதிரி இருக்குதே, அது அப்படியே கருப்பாகிப் போச்சு. வண்டி மெதுவா உருண்டு ஓரத்துல நின்னுது. ஆக்சிலேட்டர் மிதிச்சா ஒண்ணுமே இல்ல. கதவுகூட தெறக்க மாட்டேங்குது. அரை மணி நேரம் கழிச்சு அதுவா உசுரு வந்துச்சு. வீட்டுக்கு வந்து கழட்டிப் பாத்தேன். உள்ளுக்குள்ள பெரிய பேட்டரில இருந்து சின்ன பேட்டரிக்குக் கரண்டு குடுக்கறதுக்கு ஒரு பொட்டி இருக்குது, இத்தினி பெருசுதான், டிபன் பாக்ஸாட்ட. சூடு ஏறுனா அது மயங்கிப் போயிருது. அது மயங்குனா மொத்த காரும் மயக்கம். எனக்கு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சு போச்சுங்க. சர்வீஸ்ல போயி தனியா ரூமுக்குள்ள உக்காந்து பேசுனேன், கமுக்கமா ஒரு புதுப் பொட்டி மாத்திக் குடுத்தாங்க. நானும் கமுக்கமா வந்துட்டேன்.

அடுத்தாப்பல குரூப்புல ஒருத்தரு காரு நின்னுது. அப்பறம் இன்னொருத்தரு. அந்த வெயில் காலத்துல மட்டும் பதினோரு காரு. ஒருத்தரு பாவம், நடுரோட்டுல நின்னு போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டுட்டாரு. அதை ஒடனே அழிச்சேன். அழிச்சுப்போட்டு அவருக்குப் போன் போட்டு, 'ஏனுங்க, உங்க கையில அந்த ஷேரு இருக்குதா இல்லியா? போறவன் வர்றவன் எல்லாம் இத போட்டோ புடிச்சுப் போட்டா நாளைக்கு உங்களுக்குத்தானே போவுது'ன்னேன். அவருக்குப் புரிஞ்சுது. ஒடனே நானும் இன்னும் ரெண்டு பேரும் ஒரு கார்ல போனோம். நின்ன காரத் தள்ளிக்கிட்டுப் போயி பக்கத்துல ஒரு தென்னந்தோப்புக்குள்ள விட்டு, மேல ஒரு பெட்ஷீட்டப் போட்டு மூடுனோம். கம்பெனிச் சின்னம் வெளிய தெரியக் கூடாதுன்னு.

அதுல இருந்து அது ஒரு வழக்கமாப் போச்சுங்க. எல்லாரும் டிக்கில ஒரு பெட்ஷீட்டு மடிச்சு வெச்சுக்கோணும். ஸ்டெப்னி இருக்குதோ இல்லியோ, பெட்ஷீட்டு இருக்கோணும். வண்டி நின்னா முதல்ல மூஞ்சிய மூடு, அப்பறம் குரூப்புக்குப் போன் பண்ணு. தள்ளிட்டுப் போறப்ப எவனாச்சும் என்னாச்சுன்னு கேட்டா, டீசல் தீந்து போச்சுன்னு சொல்லுவோம். கரண்டு காருக்கு டீசல்! அதையும் நம்பிப்போட்டு, 'பங்க்கு பக்கத்துலதானுங்க இருக்குது'ன்னு வழி சொல்லுவானுங்க. நாங்க அதை பேக்கரில உக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்ப நெனச்சா கூசுதுங்க.

சர்வே வந்துச்சு. வருசத்துக்கொருக்கா ஒரு அமைப்பு, எந்தக் காரை நம்பி வாங்கலாம்னு ஓனருங்களுக்கெல்லாம் போன் பண்ணிக் கேக்கும். வண்டி நின்னுச்சுங்களா, எத்தன தடவ, என்ன கோளாறு, அஞ்சுக்கு எத்தன மார்க்கு. அந்த ரிசல்ட்டு வந்துச்சுன்னா அன்னிக்கு ஷேரு ஒண்ணு பறக்கும், இல்லாட்டி படுக்கும். நான் குரூப்புல எழுதிப் போட்டேன். 'நமக்குப் போன் வரும். நம்ம வீட்டுப் பொண்ணப் பத்தி வெளியாளு கேட்டா என்ன சொல்லுவமோ அதைச் சொல்லுங்க.' அவ்வளவுதான் எழுதுனேன். பொய் சொல்லுங்கன்னு நான் எழுதவே இல்லீங்க. எனக்கு ஒரு அம்மிணி பேசுச்சு, நல்ல மரியாதையான புள்ள. 'வண்டி எப்பவாச்சும் வழில நின்னுருக்குங்களா சார்?' 'நிக்கறதா? ஒருநாளுமில்ல அம்மிணி.' 'அஞ்சுக்கு எத்தன குடுப்பீங்க சார்?' 'அஞ்சுக்கு அஞ்சு.' வெச்சுட்டேன். அன்னிக்குச் சோறு நல்லாத்தான் எறங்குச்சு.

அந்த வருசம் எங்க காருதான் முதல் எடம். எங்க பக்கம் மட்டுமில்லீங்க, மத்த ஊருக் குரூப்புங்களும் இதையேதான் பண்ணியிருக்கறாங்க, எனக்கு அப்பறமாத் தெரிஞ்சுது. ரிசல்ட்டு வந்த ஒரே நாள்ல ஷேரு பதினாலு பர்சண்ட் ஏறுச்சு. பேக்கரில அன்னிக்கு எல்லாருக்கும் நான் மைசூர்பா வாங்கிக் குடுத்தேன்.

அந்த மைசூர்பா துண்டு ஒண்ணத் திருமூர்த்திக்கும் குடுத்தனுங்க. அவரு அப்ப டீசல் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. பேக்கரில டீ குடிக்க வர்றப்ப எங்க காருங்களையே பாத்துக்கிட்டு நிப்பாரு. அன்னிக்குப் பக்கத்துல வந்து, 'சார், எனக்கு இது சரிப்படுங்களா?'ன்னாரு. ஏன் கேக்கறீங்கன்னேன். 'இருவது வருசமா இந்த ரோட்டுலதான் சார் ஓட்டறேன். எல்லாக் கம்பெனி வண்டியும் பானெட்டத் தெறந்து போட்டு நின்னு பாத்திருக்கறேன். இந்த வண்டி மட்டும் ஒருநாளும் நின்னு பாத்ததே இல்லீங்க சார்'னாரு.

நான் என்னங்க சொல்லுவேன்? டிக்கில பெட்ஷீட்டு மடிச்சு வெச்சிருக்கறவன் நான். சுத்தி இருபது பேரு நிக்கறாங்க, எல்லாரு கையிலயும் மைசூர்பா. 'கண்ண மூடிட்டு வாங்குங்க'ன்னேன்.

வாங்குனாரு. டீசல் வண்டியக் குடுத்து, சம்சாரத்தோட நகைய அடகு வெச்சு வாங்குனாரு. வாங்குன அன்னிக்கு முதல்ல என்ற வீட்டுக்குத்தான் கொண்டாந்தாரு. நான் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி விட்டேன். கூடவே இன்னொண்ணு கேட்டாரு. 'நீங்கெல்லாம் அந்த ஷேருன்னு பேசிக்கறீங்களே சார், எங்கிட்டக் கொஞ்சம் மிச்சமிருக்குது, அதுல போடலாங்களா?' நாந்தான் அவரு போன்ல ஷேர் வாங்கற ஆப்ப ஏத்தி, கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்து, வாங்கவும் வெச்சேன். எப்பங்க சார் விக்கறதுன்னு கேட்டாரு. நான் சொல்றேன்னேன். 'அப்ப சேரி சார், நீங்க வெச்சிருக்கற வரைக்கும் நானும் வெச்சிருக்கறேன்'னாரு. அவ்வளவு வெள்ளந்திங்க.

மூணே மாசம். நிக்க ஆரம்பிச்சுது. டாக்சி பாருங்க, நாள் முழுக்க ஓடறது, எங்களாட்டக் கோயிலுக்கும் பேக்கரிக்கும் போற வண்டி இல்லியே. ஒருநாளு பொள்ளாச்சில இருந்து ஒரு பொண்ண ஏத்திக்கிட்டுக் கோயமுத்தூரு வர்றாரு. கவர்ன்மெண்டு பரிட்சை. ஒம்பது மணிக்கு கேட்டு சாத்திருவாங்க. அந்தப் புள்ளைக்கு வயசு வரம்புல அதுதான் கடைசித் தடவையாம். ஒத்தக்கால்மண்டபத்துல வண்டி நின்னு போச்சு. கதவு தெறக்கலீங்க. கண்ணாடிய ஒடச்சு அந்தப் புள்ளைய வெளிய எடுத்து, பஸ்ஸ மறிச்சு ஏத்தி விட்டிருக்காரு. போயிச் சேர்றதுக்குள்ள பரிட்சை ஹால் கேட்டு சாத்தியாச்சு. சாயங்காலம் அந்தப் புள்ள அவருக்குப் போன் பண்ணி, 'பரவால்லீங்கண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க'ன்னு சொல்லுச்சாம். எங்கிட்ட அதைச் சொல்லிப்போட்டு மனுசன் தேம்பித் தேம்பி அழுவறாரு.

அதுக்கப்பறம் டாக்சிக் கம்பெனிக்காரன் அவர நீக்கிட்டான். காருக் கம்பெனில போயிக் கேட்டா, 'உங்க வீட்டுக் கரண்டு சரியில்ல, நீங்க சார்ஜ் போட்ட மொறை தப்பு'ன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அதைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தாரு. 'சார், நீங்க கரண்டு ஆபீசரு. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க'ன்னாரு.

இப்ப வர்றதுதானுங்க.

அன்னிக்கே சொல்லியிருக்கலாம். 'திருமூர்த்தி, தப்பு உங்க மேல இல்ல, அந்தப் பொட்டி மேல'ன்னு ஒரே வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அதைச் சொன்னா, உங்களுக்கு எப்பங்க சார் தெரியும்னு கேப்பாரு. அப்பறம் பெட்ஷீட்டு, சர்வே, மைசூர்பான்னு வரிசையா வந்துரும். அதோட அவரு கேஸு கீஸுன்னு போனா நூஸ்ல வரும், ஷேரு என்னாகறது? அன்னிக்கு என்ற கையில நெறைய இருந்துச்சுங்க. அதனால சூளேஸ்வரன்பட்டில அவரு வீட்டுக்குப் போனேன். மீட்டர் பாத்தேன், ஒயரிங் பாத்தேன். எல்லாம் கச்சிதமா இருக்குது. எதாச்சும் சொல்லோணுமே. 'எர்த்து பத்தலீங்க'ன்னேன்.

எர்த்து தெரியுமில்லீங்க? வீட்டுக்கு வெளிய குழி தோண்டி, பைப்பு எறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடுவோம். நானே முன்னாடி நின்னு புதுசாத் தோண்ட வெச்சேன். குழி காயக் கூடாது, தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்தோணும்னு சொல்லிட்டு வந்தேன். அவரு சம்சாரம் செல்வநாயகி, அந்த அம்மிணி தெனமும் ஊத்துச்சுங்க. அங்கெல்லாம் குழாயில பத்து நாளைக்கொருக்காத்தான் தண்ணி வரும். குடிக்கற தண்ணில ஒரு கொடம் எடுத்து அந்தக் குழிக்கு ஊத்துச்சு. ஏழு மாசம். காரு மரத்தடில நின்னுக்கிட்டு இருக்குது, குழிக்கு மட்டும் தண்ணி. ஒருநாளு அந்தப் பக்கம் போனப்ப என்னையப் பாத்துட்டு, 'சார், ஒருநாளும் தவறலீங்க, பாருங்க ஈரமாவே இருக்குது'ன்னு சொல்லுச்சு. எதோ நான் பரிட்சை வெச்ச மாதிரி. அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு அழுதனுங்க. நெசமாத்தான். என்னைய மாதிரி ஒரு பாவி இருப்பானான்னு இருந்துச்சு.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். போதும், உண்மையச் சொல்லிப்போடறதுன்னு.

அதுக்கு முதல்ல என்ன செய்யோணும்? ஷேர விக்கோணும். அதை வெச்சுக்கிட்டு உண்மை பேச முடியாதுங்க, மனசு இழுக்கும், வாய் கூடக் கொறையாப் பேசும். கை சுத்தமா இருந்தாத்தானே பேச்சும் சுத்தமா இருக்கும்? ஒரு வெள்ளிக்கெழம எல்லாத்தையும் வித்தேன். ஒண்ணுகூட வெச்சுக்கலீங்க. மனசு பஞ்சாட்ட ஆயிருச்சு. திங்கக்கெழம குரூப்புல எழுதுனேன். 'இந்த வருசம் சர்வேல இருக்கறத இருக்கற மாதிரியே சொல்லுங்க. நின்னிருந்தா நின்னுச்சுன்னு சொல்லுங்க. மத்தவங்க நம்மள நம்பி வாங்கறாங்க.' பெட்ஷீட்டு ரூலையும் எடுத்துட்டேன். மத்த ஊரு அட்மினுங்களுக்கும் தனித்தனியாப் பேசுனேன். சில பேரு மொறச்சுக்கிட்டாங்க, ஆனா நெறையப் பேரு வெந்துபோயித்தான் இருந்தாங்க, சொல்லிப்போட்டாங்க. எனக்கும் போன் வந்துச்சு. 'ரெண்டு தடவ நின்னுது அம்மிணி. அஞ்சுக்கு ஒண்ணு'ன்னேன்.

வித்தத ஏன் குரூப்புல சொல்லலன்னு பாக்கறீங்களா? அது என்ற சொந்த விசயமில்லீங்களா? அவங்கெல்லாம் படிச்சவங்க. மில்லு வெச்சிருக்கறவங்க, டாக்டருங்க. எப்ப வாங்கறது எப்ப விக்கறதுன்னு நான் போயி சொல்லோணுமா?

திருமூர்த்திகிட்டப் போயி, அந்தப் பொட்டிதான் கோளாறுன்னு சொல்லிட்டேன். இப்பத்தான் புத்தகம் படிச்சுக் கண்டுபுடிச்ச மாதிரி சொன்னேன். கேஸு போடுங்க, நான் சாட்சி சொல்றேன்னேன். அந்தாளு என்ற கால்ல விழுந்துட்டாரு. வேண்டாம் வேண்டாம்னா கேக்கல. வக்கீலு, உங்களுக்கு இது எப்பத் தெரியும்னு எழுதோணும்னாரு. போன மாசம்னு எழுதுங்கன்னேன். அந்த ஜெராக்ஸுலயும் அப்படித்தானுங்க இருக்குது.

நேத்து சாயங்காலம் ரிசல்ட்டு வந்துச்சு. எங்க காரு கடைசிக்கு மேல ஒரு எடம். இன்னிக்குக் காலையில மார்க்கெட் தெறந்தது தெரியல, இருபது பர்சண்ட் விழுந்து அப்படியே நிக்குது. விக்கறதுக்கு ஊரே நிக்குது, வாங்க ஆளில்ல. குரூப்புல என்னைய அசிங்க அசிங்கமாத் திட்டித் தூக்கிட்டாங்க. நான் ஆரம்பிச்ச குரூப்புங்க அது. பரவால்ல. உண்மை பேசுனா நாலு பேரு திட்டத்தான் செய்வாங்க, அதைத் தாங்கிக்கலாம்.

என்னங்க? அவரு வித்துட்டாரான்னா?

திருமூர்த்தியா?

இல்லீங்க. அவரு விக்கல. அதுதாங்க. அதைச் சொல்லத்தான் உங்கள உக்கார வெச்சேன், சுத்திச் சுத்தி வேற என்னென்னமோ பேசிக்கிட்டு இருக்கறேன்.

அந்த வெள்ளிக்கெழம அவரு நெனப்பு வந்துச்சுங்க. வராமயில்ல. போனக்கூட எடுத்துட்டேன். நான் விக்கறேன், நீங்களும் வித்துப்போடுங்கன்னு சொன்னா, ஏனுங்க சார்னு கேப்பாரு. ஏன்னு என்ன சொல்றது? அப்ப அவருக்கு அந்தப் பொட்டி விசயமே சொல்லல. தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கறாங்க. திங்கக்கெழம சொல்லிக்கலாம்னு வெச்சுட்டேன். திங்கக்கெழம பாத்தா ஷேரு இன்னும் ஏறுச்சு. நான் வித்ததுக்கு மேல ஏறுச்சுங்க! எனக்கு வயிறு எரிஞ்சுது. பாரு, இந்தாளாச்சும் சம்பாரிக்கட்டும், எதுக்கு நாம போயிக் கெடுக்கோணும்னு விட்டுட்டேன். இப்படியே ரெண்டு மாசம். வக்கீல் வீட்டுக்கு எங்கூட வந்திருக்காரு, பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்திருக்காரு. ஒருநாளு அவரே, 'சார், நம்ம ஷேரு நல்லாருக்குதுங்களா?'ன்னு கேட்டாரு. நம்ம ஷேருங்கறாரு. ம்ம், நல்லாத்தான் இருக்குதுன்னேன்.

எந்த நேரத்துல வேணாலும் சொல்லியிருக்கலாம். ரெண்டு வார்த்தைங்க. வித்துப்போடுங்க திருமூர்த்தி.

காரும் போச்சு, அந்த மிச்சமாச்சும் இருந்திருக்கும். அந்தக் காச நகைய மீட்க வெச்சிருக்கறதா அந்த அம்மிணி சொல்லுச்சு. இன்னிக்குக் காலையில பஸ் ஏறறப்ப எனக்கும் சேத்துத் தயிர்சாதம் கட்டிக் குடுத்து விட்டிருக்குது. இந்தப் பையிலதான் இருக்குது. வர்ற வழி முழுக்க அது என்ற மடில சூடா இருந்துச்சு. கிணத்துக்கடவு வரட்டும், சொல்லிப்போடலாம்னு பாத்தேன். கிணத்துக்கடவு வந்துச்சு. உக்கடம் வரட்டும்னு பாத்தேன். இப்ப ஜெராக்ஸ் எடுத்துட்டு வரட்டும், உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி சொல்லிப்போடறேன். வித்துட்டேன், உங்ககிட்டச் சொல்லல, தப்புத்தான்னு. என்ன, மூஞ்சில துப்புவாரு. துப்பட்டுங்க. உங்க முன்னாடியே சொல்றேன், நீங்க இருந்தா எனக்கும் ஒரு தெம்பா இருக்கும். எந்திரிச்சுப் போயிராதீங்க.

அதோ வந்துட்டாரு.

வாங்க திருமூர்த்தி. கெடச்சுதுங்களா? மூணு காப்பியுமா? சேரி, சேரி. டீ எதுக்குங்க இப்ப? அட, இவருக்குமா வாங்கியாந்தீங்க? வாங்கிக்குங்க, வாங்கிக்குங்க. இவரு வாசிங் மெசின் கேஸு, திருமூர்த்தி. சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். இருங்க, சில்லறை தர்றேன். என்னது, இன்னிக்கு நான் காசு குடுக்கக் கூடாதா? ஏனுங்க?

திருமூர்த்தி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.

ம்? நீங்க சொல்லுங்க முதல்ல.

ஜெராக்ஸ் கடைல பேசிக்கிட்டாங்களா? போன எடுத்துப் பாத்தீங்களா? அப்படியா… இருபது பர்சண்டா… இல்லீங்க, நான் இன்னிக்குப் போனையே பாக்கல. நெசமாவா? அடடா.

எனக்கா? என்னைய எதுக்குங்க கேக்கறீங்க, உங்களுது என்னாச்சு? 'எங்களுது கைப்பிடிதான் சார், நீங்கதான் மூட்டையா வெச்சிருக்கறீங்க'ன்னா… அப்படியெல்லாம் இல்லீங்க… வீட்டுக்கு வேற போன் பண்ணிட்டீங்களா? அம்மிணி அழுவுதுங்களா? 'சாருக்கு நம்மளவிடப் பத்து மடங்கு போயிருக்கும், அவரே வாயத் தெறக்காம நமக்காக சாட்சி சொல்ல வந்து உக்காந்திருக்காரு, நீ அழுவாதே'ன்னு சொன்னீங்களா?

அய்யோ, இவருகிட்ட எதுக்குங்க அதெல்லாம் சொல்றீங்க. சாமி, தெய்வம்னெல்லாம் என்னையச் சொல்ல வேண்டாங்க திருமூர்த்தி. நீங்க… வாசிங் மெசின் சார், நீங்க டீயக் குடிங்க, ஆறிரும்.

கையெல்லாம் புடிக்க வேண்டாங்க. நான் நல்லாத்தான் இருக்கறேன். இல்ல, மயக்கமெல்லாம் இல்ல.

எவ்வளவுன்னா… ஏனுங்க, அதெல்லாம் இப்ப எதுக்குங்க.

ஆமாங்க. கொஞ்சம் நெறையவே போயிருச்சுங்க.